எவடம் என்று கேளாத தேடுபொறி

"சீனப் பாஷையிலை ஒரு சொல்லும் தெரியாது. ஆனா சீனருக்குக் கொம்பியூட்டரிலை தேடிக் குடுக்கப் போறாவாம்!"

சொல்லிவிட்டு ஜெயமலர் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையும் சேர்ந்து குலுங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரொறன்ரோவில் மோர்னிங்சைட்டிலுள்ள தம்பியின் அப்பார்ட்மென்டுக்கு வருவதும், வந்ததற்கு அடையாளமாகத் தம்பி மனைவியை நாலு வார்த்தை குத்திவிட்டுப் போவதும் அவருடைய வழக்கம்.

தம்பி மனைவி யோகமலர் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியின் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

"எனக்கேன் மச்சாள் சீனம்? சீனம் தெரிஞ்ச ஆக்கள் அஞ்சாறு பேர் அங்கை இருக்கினம். எனக்குக் கணக்குத் தெரிஞ்சால் காணும்."

"கணக்குத் தெரிஞ்ச ஆள் வங்கி வேலையை விடுவாவோ? இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கக் கொம்பியூட்டர் எல்லாம் குழம்பப் போகுதெண்டு, அதைத் திருத்த வங்கிக்காரர் சம்பளத்தை அள்ளிக் குடுக்கிறாங்கள். இவ அதை விட்டிட்டு ஒரு பேக்கரிக்கு மேலை போய் இருக்கிறா!"

சோபாவில் சாய்ந்திருந்த இரத்தினவேல் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "அக்கா, பேக்கரிக்கு மேலை எண்டபடியால் எனக்குப் பின்னேரத்திலை சுடச்சுடப் பணிஸ் வருது. வங்கி எப்பவாவது பணிஸ் தந்ததோ?"

ஜெயமலரால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. பிறம்ரனில் ஒரு களஞ்சியசாலையில் வாரம் முழுவதும் பெட்டி தூக்கிவிட்டு வருகிற தம்பி அவன். மனைவியை யாரும் குத்தினால் கோபப்படமாட்டான். பகிடி விடுவான். அந்தப் பகிடி ஒரு குடையைப் போல அவள் தலைக்கு மேலே விரியும்.

ஆனால் அந்தக் குடைக்குக் கீழே நிற்கும்போதும் யோகமலரின் நெஞ்சு நனைந்துதான் இருந்தது. மச்சாளின் குத்தல் வேலையைப் பற்றியது மட்டுமல்ல என்பது அவளுக்குத் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தபோது இரத்தினவேலை விரும்பி மணந்தவள் அவள். சம்பந்தம் பேசி வந்த பெண் அல்ல. அப்போது ஜெயமலர் முதன்முதலாகக் கேட்ட கேள்வி, "பிள்ளை எந்த ஊர்?" அவள் வடமராட்சியில் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னாள். உடனே வந்தது இரண்டாவது கேள்வி.

"அங்கை எவடம்?"

எந்த இடம் என்பதைத்தான் எங்கள் ஆட்கள் எவடம் என்று கேட்பார்கள். கேட்பதற்கு இடத்தைக் கேட்பது போலத்தான் இருக்கும். ஆனால் ஊருக்குள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் என்ன சாதி என்று தெரிந்துவிடும். வாய் சாதியைக் கேட்காது, எவடம் என்று கேட்கும். அவள் மறைக்காமல் சொன்னாள். சொன்ன பிறகு அந்த வீட்டில் யாருடைய முகம் எப்படி மாறியது என்பதை அவள் இன்றுவரை மறக்கவில்லை. இரத்தினவேல் மட்டும் மாறவில்லை. அந்த ஒரு முகத்தை நம்பித்தான் அவள் கடல் கடந்தாள்.

ரொறன்ரோவுக்கு வந்து, கோப்பிக் கடையில் நின்றபடியே கல்லூரியில் கொம்பியூட்டர் படித்து, வங்கியில் ஒப்பந்த வேலையும் பெற்றவள், 1999ஆம் ஆண்டு வசந்த காலத்தில் அந்த வேலையை விட்டாள். காரணம் ஒரு நேர்முகத் தேர்வு.

ஸ்காபரோவில் ஷெப்பேர்ட் வீதியில், சீனப் பேக்கரி ஒன்றின் மேல்மாடியில் 'நான்மென்' என்ற சிறு நிறுவனம் இருந்தது. தெற்கு வாசல் என்று அதற்குப் பொருள். நடத்தியவர் சென் வெய்மின். தென் சீனத்திலிருந்து படிக்க வந்து, இங்கேயே நின்றுவிட்டவர். அவருடைய கூட்டாளிகள் சீனாவில் இருந்தார்கள். சீன மக்களுக்காகச் சீனர்களே நடத்தும் ஒரு தேடுபொறியை உருவாக்குவது அவர்கள் கனவு. புரோகிராம் எழுதுகிற வேலை ரொறன்ரோவில் நடந்தது.

அந்தக் கனவுக்கு எதிரே ஒரு மலை நின்றது. அட்லஸ்ஃபைண்ட்! உலகம் முழுவதும் பரந்த அமெரிக்க நிறுவனம். ரொறன்ரோ டவுன்ரவுனில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் பல மாடிகள் அதற்குச் சொந்தம். சீனாவின் கதவு திறக்கிறது என்றதும் அதுவும் தன் தேடுபொறியைச் சீனத்தில் மொழிபெயர்த்துக்கொண்டு அந்த வாசலில் வந்து நின்றுவிட்டது.

நேர்முகத்தில் சென் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சீனாவில் குடும்பப் பெயர்கள் மிகக் கொஞ்சம். வாங் வெய் என்று தேடினால் ஆயிரக்கணக்கான வாங் வெய் வருவார்கள். எனக்கு வேண்டிய வாங் வெய்யை எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

யோகமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கள் ஆட்களுக்கும் இதே தொல்லைதான். தகப்பனின் பெயர்தான் எங்களுக்குக் கடைசிப் பெயர். அதனால் தகப்பன் ஒரு எழுத்தில் இருப்பார், மகன் வேறொரு எழுத்தில் இருப்பான். ரொறன்ரோ ரெலிபோன் புத்தகத்தில் ஒரு தமிழனைத் தேடிப் பிடிக்க முடியாது."

"அப்படியானால் எப்படித் தேடுவீர்கள்?"

"தெரிந்த ஒருவருக்குப் போன் எடுப்போம். அவர் முதலில் கேட்பது, எந்த ஊர் என்றுதான். ஊரைச் சொன்னால் ஆளைப் பிடித்துத் தந்துவிடுவார்."

சென் மேசையில் ஓங்கித் தட்டினார். "என் அம்மாவும் இப்படித்தான்! அட்லஸ்ஃபைண்டுக்கு இது தெரியாது!"

அன்றே வேலை கிடைத்தது. சம்பளம் வங்கியைவிடக் குறைவு. ஆனால் கோப்பிக் கடையிலும் வங்கியிலும் யாருமே கேட்காத ஒன்றை இந்த மனிதர் கேட்டார்: நீ என்ன நினைக்கிறாய்?

கோடை முழுவதும் அவள் உழைத்தாள். நான்மென்னில் ஒருவர் தன்னைப் பதிந்துகொள்ளலாம். பெயரை எழுதினால் திரையில் ஒரு பெட்டி திறந்து, எந்த ஊர் என்று கேட்கும். தேடுகிறவரிடமும் அதையே கேட்கும்.

அதோடு அவள் நிற்கவில்லை. விரல்கள் தாமாகவே அடுத்த பெட்டியையும் செய்தன. ஊரில் எந்தப் பக்கம்? ஆற்றுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, எந்தத் தெரு, எந்தக் குடியிருப்பு? யாழ்ப்பாணத்தில் பிறந்த நாக்குக்கு ஊர் என்ற கேள்வி பாதிக் கேள்விதானே! இரண்டாம் பெட்டியையும் நிரப்பியபோது விடைகள் சுருங்கிச் சுருங்கி ஒரே ஆளில் வந்து நின்றன. சென் கைகொட்டிக் குதித்தார். யோகமலரும் குதிக்காத குறைதான்.

அந்த மகிழ்ச்சியில் இருக்கும்போதுதான் செய்தி வந்தது. தென் சீன நகரமொன்றின் தொலைபேசி நிறுவனம் நகரம் முழுவதும் பொதுக் கொம்பியூட்டர் நிலையங்களைத் திறக்கப்போகிறது. ஒவ்வொரு கொம்பியூட்டரிலும் முதல் திரையில் எந்தத் தேடுபொறி இருக்க வேண்டும் என்று முடிவெடுக்க ஒரு குழு வட அமெரிக்கா வருகிறது. போட்டியில் இருவர்தான். அட்லஸ்ஃபைண்டும் நான்மென்னும். முதல் நாள் அங்கே பார்ப்பார்கள், மறுநாள் இங்கே.

சென் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி ஒளிவில்லாமல் சொன்னார். "இது கிடைத்தால் நாம் இருப்போம். கிடைக்காவிட்டால் புதுவருடத்துக்கு முன் இந்தக் கதவைப் பூட்டிவிட்டு எல்லோரும் வேறு வேலை தேட வேண்டியதுதான்."

யோகமலருக்கு மச்சாளின் சிரிப்பு காதில் கேட்டது. வங்கியில் அவளுடைய நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கிறார். இரத்தினவேலின் முதுகுவலி மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டு போகிறது. இந்தக் கதவு பூட்டப்பட்டால் என்ன செய்வது?

லின் மெய் அவளுக்குப் பக்கத்து மேசை. எழுதிய புரோகிராமைப் பயன்படுத்திப் பார்த்துப் பிழை பிடிப்பது லின் மெய்யின் வேலை. எப்போதும் வாய் ஓயாத பெண். மத்தியானச் சாப்பாட்டில் யோகமலரின் கத்தரிக்காய்ப் பொரியலில் பாதி அவளுக்குத்தான் போகும்.

ஒரு நாள் மத்தியானம் யோகமலர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, லின் மெய் தன்னையே பதிந்து சோதித்துக்கொண்டிருந்தாள். பெயர் எழுதினாள். ஊர் எழுதினாள். இரண்டாம் பெட்டி திறந்தது. அவள் விரல்கள் நின்றுவிட்டன.

"என்ன, வேலை செய்யவில்லையா?" என்று யோகமலர் எட்டிப் பார்த்தாள்.

"வேலை செய்கிறது."

"பிறகேன் நிற்கிறாய்? எழுதேன்."

"நான் நகரத்தின் நடுவில் ஒரு தெருப் பெயரை எழுதிவிடுகிறேன்."

"ஆனால் நீ ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று சொன்னாயே! உன் அப்பா அம்மா அங்கே தோட்டம் செய்கிறார்கள் என்று..."

லின் மெய் திரும்பிப் பார்க்கவில்லை. "உனக்குச் சொன்னேன். நீ இந்த நாட்டில் கிடைத்த சிநேகிதி. அங்கே ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றால் நாட்டுப்புறத்து ஆட்கள். நகரத்துப் பள்ளிக்குப் போன முதல் நாள் ஒரு பெண் என்னோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாள். எந்தப் பக்கம் என்று கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவள் குரலே மாறிவிட்டது."

யோகமலரின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

ஐயோ! எந்தக் கேள்வி அவளைப் பல வருடங்களாகக் குத்திக்கொண்டிருந்ததோ, அதே கேள்வியைத் தன் கையாலேயே செய்து, கொம்பியூட்டரின் வாயில் வைத்துவிட்டாளே! நாளைக்கு ஒரு நகரம் முழுவதையும் பார்த்து அது ஓயாமல் கேட்கப்போகிறதே, எவடம், எவடம் என்று! மனிதர் கேட்டாலாவது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகலாம். இது பெட்டி நிரம்பும் வரைக்கும் விடாதே!

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. லின் மெய் பயந்துபோனாள். "நான் பிழையாக ஏதும் சொல்லிவிட்டேனா?"

"இல்லை. நான்தான் பிழையாக ஒன்று செய்துவிட்டேன்."

அவள் எழுந்து நேராகச் சென்னின் அறைக்குப் போனாள்.

"இரண்டாம் பெட்டியை எடுக்க வேண்டும்."

சென் முதலில் பகிடி என்றுதான் நினைத்தார். பிறகு அவர் முகம் சிவந்தது. "அந்தப் பெட்டிதான் நம்முடைய வெற்றி! அது இல்லாவிட்டால் ஒரு ஆளுக்குப் பதிலாக நூறு பேர் வருவார்கள். அட்லஸ்ஃபைண்டும் இதே மாதிரி, யார் எந்த இடத்துக் குடி என்று அரசாங்கம் எழுதி வைத்திருக்கும் வதிவுப் பதிவைக் கேட்கப்போகிறது என்று கேள்விப்பட்டேன். நாம் ஏன் பின்வாங்க வேண்டும்?"

"லின் மெய் அந்தப் பெட்டியில் பொய் எழுதப் பார்த்தாள். நம் அலுவலகத்திலேயே, நம் கண் முன்னாலேயே. வெளியே எத்தனை பேர் எழுதுவார்கள்? பொய்யை நிரப்பி வைத்துவிட்டு அதில் ஆளைத் தேட முடியுமா?"

"அது ஒரு சிலர்..."

"அந்த ஒரு சிலரில் நானும் ஒருத்தி."   தன் ஊரை, அந்தக் கேள்வியை, கேட்டதும் மாறிய முகங்களை எல்லாம் ஆங்கிலத்தில் தன்னால் முடிந்த அளவுக்குச் சொன்னாள். கனடாவுக்கு வந்து இத்தனை வருடத்தில் வெளி மனிதர் ஒருவருக்கு அதை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

சென் தன் திரையில் திறந்திருந்த இரண்டாம் பெட்டியைப் பார்த்தார். கடைசியில் சொன்னார்: "சரி, எடு. ஆனால் அதன் இடத்தில் வேறொன்றைக் கொண்டுவா. நூறு பேர் வந்தால் தோற்றுவிடுவோம். குழுவில் யாராவது அந்தப் பெட்டி எங்கே என்று கேட்டால், ஒரு வாரத்தில் சேர்ப்போம் என்றுதான் நான் சொல்வேன். எனக்கு வேறு வழியில்லை."

பின்னேரம் அவளை ஏற்றிப்போக வந்த இரத்தினவேல், காரில் ஏறியவளின் முகத்தைப் பார்த்தான்.

"என்னப்பா, பணிஸ் முடிஞ்சுதோ?"

"பகிடி விடாதேங்கோ." அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கார் ஓட்டிக்கொண்டே கேட்டான். அவள் முடித்தபோது அவன் கண்களும் சிவந்திருந்தன.

"நீர் செய்தது சரி."

"சரிதான். வேலை போனால்?"

"போனால் போகட்டும். எனக்கு முதுகு நோகுது, நாக்கு நோகேல்லை. நாலு இடத்திலை கேட்டுப் பாப்பம்." பிறகு பேச்சை மாற்றுவதற்காகச் சொன்னான்: "சனிக்கிழமை எங்கடை பழைய மாணவர் சங்கத்தின்ரை டின்னர். வாறீரோ? போன வருசம் பாத்தனீரெல்லே? ஊரைக் கேட்டால் முழிக்கிறவங்களும் பள்ளிக்கூடத்தைக் கேட்டால் நெஞ்சை நிமித்திக்கொண்டு சொல்லுவாங்கள். என்ன வருசம் ஏ.எல் சோதினை எடுத்தனீ, ஆரிட்டை அடி வாங்கினனீ எண்டு விடிய விடியக் கதைப்பாங்கள்."

யோகமலர் அவன் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ, திருப்பிச் சொல்லுங்கோ."

"என்னத்தை? அடி வாங்கினதையோ?"

"பள்ளிக்கூடத்தை!"

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களுக்கு எத்தனை பழைய மாணவர் சங்கங்கள்! மண்டபம் எடுத்து, மாலை போட்டு, பள்ளிக் கீதம் பாடி அழுகிற கூட்டம் இது. ஊரில் எந்தப் பக்கம் என்பது ஒருவனுக்கு மற்றவன் ஒட்டுகிற அடையாளம். எந்தப் பள்ளிக்கூடம் என்பது அவனே ஆசையோடு அணிந்துகொள்கிற பதக்கம். கேட்டவுடன் உண்மை வரும்!

மறுநாள் காலை லின் மெய்யிடம் கேட்டாள்: "நீ எந்தப் பள்ளி?"

லின் மெய்யின் முகம் மலர்ந்தது. பள்ளியின் பெயர், முடித்த வருடம், ஓட்டப் போட்டியில் வாங்கிய வெள்ளிப் பதக்கம், வகுப்பில் தவளையைக் கொண்டுவந்து விட்ட பையன் எல்லாம் மூச்சு விடாமல் வந்தன. யோகமலர் சிரித்துக்கொண்டே திரும்பி உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருடம். லின் மெய் சீனப் பள்ளிகளின் இணையப் பக்கங்களைத் தேடித் தேடிச் சேர்த்தாள். நூறு பேர் சுருங்கி இரண்டு மூன்று பேராக வந்தார்கள். ஒரே ஆள் அல்ல. ஆனாலும் அந்த இரண்டு மூன்று பேரும் உண்மையானவர்கள்.

குழு வந்தது. தலைவி திருமதி ஹே. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கட்டையாக வெட்டிய தலைமுடி, சிரிக்காத முகம். முதல் நாள் கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தவர்களுக்குப் பேக்கரிப் படிக்கட்டு ஒடுக்கமாக இருந்திருக்கும். யோகமலர் நீலப் பருத்திச் சேலை உடுத்து ஒரு மூலையில் நின்றாள். அவர்கள் பேசிய சீனத்தை லின் மெய் அவள் காதில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திருமதி ஹே தானே கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு பெயரை எழுதினார். ஊர் எழுதினார். பள்ளிக்கூடம் என்ற பெட்டி வந்தபோது அவர் முகத்தில் முதன்முறையாக ஏதோ அசைந்தது. எழுதினார்.

மூன்று பேர் வந்தார்கள். இரண்டாவது பெயரை அழுத்தினார். பழைய வகுப்புத் தோழர்கள் செய்த ஒரு பக்கம் திறந்தது. அதில் நரைத்த கூந்தலோடு ஒரு பெண், பிள்ளைகள் வரைந்த ஓவியங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். திருமதி ஹே திரையை விரலால் தொட்டார். தொட்ட விரலை அவர் எடுக்கவில்லை.

அப்போது குழுவிலிருந்த இளம் அதிகாரி ஒருவர் கேட்டார். லின் மெய்யின் குரல் நடுங்கிக்கொண்டே மொழிபெயர்த்தது: "அட்லஸ்ஃபைண்ட் வதிவுப் பதிவை, எந்தப் பக்கம் என்பது வரை கேட்கிறது. ஒரே ஆளைத் தருகிறது. உங்களுடையது மூன்று பேரைத் தருகிறது. இது குறைபாடு இல்லையா?"

சென் வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று யோகமலருக்குத் தெரியும். ஒரு வாரத்தில் சேர்ப்போம். அந்த ஒரு வார்த்தையில் எல்லோருடைய வேலையும் பிழைக்கலாம். தன் வேலையும் பிழைக்கலாம்.

அவள் மூலையிலிருந்து முன்னே வந்தாள்.

"அந்தப் பெட்டியைச் செய்தது நான். எடுத்ததும் நான்" என்றாள் ஆங்கிலத்தில். "என் நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் மனிதரை மேல், கீழ் என்று பிரிப்பார்கள். விரும்பினால் ஒருவர் தானாகவே சொல்லட்டும். எங்கள் தேடுபொறி யாரையும் அப்படிக் கேட்காது. இன்றைக்கும் கேட்காது. அடுத்த வாரமும் கேட்காது."

லின் மெய் அதை மொழிபெயர்த்தபோது அவள் குரலில் நடுக்கம் இல்லை. கடைசி வசனத்தை யோகமலர் சொன்னதைவிட உரத்துச் சொன்னாள்.

 சென் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இளம் அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். திருமதி ஹே கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகப் பேசினார்.

"நேற்றும் நான், என்னோடு ஒரே வகுப்பில் படித்த இவளைத்தான் தேடினேன். அங்கே அந்தப் பெட்டி வந்தது. அவள் ஊரில் எந்தப் பக்கம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அதே பக்கம்தான். என் ஆட்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். அதனால் வேறு இடத்தை எழுதினேன். வேறு ஒருத்தி வந்தாள்." அவர் திரும்பி யோகமலரை நேராகப் பார்த்தார். "இந்த வயதில், இந்தப் பதவியில் இருந்துகொண்டு நான் நேற்றுப் பொய் எழுதினேன். இன்று எழுதவில்லை."

அவர் எழுந்து வந்து யோகமலரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இரண்டு பெண்களுக்கும் பொதுவாக ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் அவர்கள் கையை விடவில்லை. அந்த நிமிடத்தில் யோகமலரின் நெஞ்சில் எத்தனையோ வருடங்களாகக் குனிந்திருந்த ஒன்று எழுந்து நின்றது.

இலைகள் எல்லாம் கொட்டி முடிவதற்குள் பதில் வந்தது. அந்த நகரத்தின் முதல் திரை நான்மென்னுக்கு! மற்றைய நகரங்கள் சிலவற்றை அட்லஸ்ஃபைண்ட் பிடித்துக்கொண்டது உண்மைதான். மலை மலையாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு நகரத்தில் மலைக்கு இடம் கிடைக்கவில்லை. சென் கதவைப் பூட்டவில்லை. பக்கத்து அறையையும் வாடகைக்கு எடுத்தார். யோகமலருக்குத் தலைமைப் பொறியியலாளர் என்ற பதவி வந்தது.

ஸ்காபரோவிலிருந்து வெளிவரும் சீனப் பத்திரிகை ஒன்றின் நிருபர் படம் எடுக்க வந்தார். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். நடுவில் சேலையோடு நின்ற பெண்ணைக் கண்டதும் அவருக்கு ஆவல்.

"படத்துக்குக் கீழே போடவேண்டும். உங்கள் பெயர்?"

"யோகமலர் இரத்தினவேல்."

"எந்த நாடு?"

"கனடா. பிறந்தது இலங்கை." அவர் எழுதி முடித்து, நன்றி சொல்லிக் குறிப்புக் கொப்பியை மூடப்போனார்.

"பொறுங்கள்" என்றாள் யோகமலர். "வடக்கில் வடமராட்சி என்று எழுதுங்கள்." பிறகு தன் கிராமத்தின் பெயரைச் சொன்னாள். அந்தக் கிராமத்தில் எவடம் என்பதையும் சொன்னாள். யாரும் கேட்காமலே சொன்னாள். அந்தப் பெயர் நிருபரின் காதுக்குப் புதிது. எழுத்து எழுத்தாகச் சொல்லும்படி கேட்டார். அவள் ஒவ்வொரு எழுத்தாக, எல்லோருக்கும் கேட்கும்படி, தலையை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டு வந்தாள்.